முதல் பந்தி

தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள். கிள்ளானில் தனேஷின் வீட்டில் இடும்பன் பூசைக்கு இலை போட்டாயிற்று. சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு முன்னறை முழுக்கப் பாய் விரித்திருந்தார்கள். காவடி எடுத்தவன் முதல் கவளத்தை வாயில் வைத்து விரதத்தை முடித்த பிறகுதான் மற்றவர்கள் இலையில் கை வைக்கலாம். அது அந்த வீட்டு வழக்கம். எல்லார் இலையிலும் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அப்பளம் நமுத்துப் போயிருந்தது.

தனேஷ் சோற்றைப் பிசைந்தான். பிசைந்ததையே மறுபடியும் பிசைந்தான். ஓர் உருண்டை பிடித்தான். கை மேலே வரவில்லை.

"சாப்பிடுப்பா, பசங்க பசியா இருக்குதுங்க" என்றார் வீரம்மா. தனேஷின் அத்தை அவர். கோயில் பஜனைக் குழுவில் முன்வரிசைக் குரல் அவருடையதுதான்.

தனேஷ் உருண்டையைப் பார்த்தான். அது சோறாகத் தெரியவில்லை. அதை விழுங்கினால் தன்னிடமிருந்து ஏதோ ஒன்று பறிபோய்விடும் என்று தோன்றியது. எது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. அந்த நேரத்தில் அவன் குரல் அவனைக் கேட்காமலே பேசியது.

"அத்தை, நான் அடுத்த வருஷத்துக்கும் வேண்டிக்கிட்டேன். விரதத்த முடிக்கல. அப்படியே தொடரப் போறேன்."

அப்படி எந்த வேண்டுதலும் அவன் செய்திருக்கவில்லை.

வீரம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குவித்தார். "முருகா! இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

"நாங்கல்லாம் பூசம் முடிஞ்ச அன்னைக்கே மாமாக் கடைக்குக் கோழிக் கறி திங்க ஓடற ஆளுங்க லா" என்றார் ஓர் உறவுக்காரர். "இவன் வேற மாதிரி."

சிரிப்பு எழுந்தது. "அப்ப நாங்க சாப்பிடலாமா, இல்ல நாங்களும் அடுத்த வருஷம்தானா?" என்று இன்னொருவர் கேட்கவே சிரிப்பு பெரிதாயிற்று. தனேஷ் தலையசைத்தான். அறை முழுவதும் கைகள் இலைக்குப் போயின.

அவன் மனைவி புனிதா மட்டும் சிரிக்கவில்லை. அவன் இலையில் கிடந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவன் விரல்களின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு புனிதாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. தனேஷ், அவள் நலமாக வீடு திரும்பினால் முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். அப்போது அவன் நல்ல பருமன். பள்ளி நாட்களிலிருந்தே எல்லாரும் அவனைக் 'கெமுக்', அதாவது குண்டன், என்றுதான் கூப்பிடுவார்கள். மலாய்ப் பையன்கள், சீனப் பையன்கள், சொந்தக்காரப் பையன்கள் எல்லாருக்கும் அந்த ஒரு சொல் பொதுவாக இருந்தது. முதல் வருடம் ஒரு மண்டலம் ஒருவேளைச் சைவச் சாப்பாட்டோடு விரதம் இருந்தான். பத்துமலைப் படியேறி இறங்கியபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. "முருகன் உன்னைச் செதுக்கிட்டான்யா" என்று வீரம்மா அத்தை கன்னத்தை வழித்துச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் உடம்பைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லித் தனேஷ் கேட்டான்.

மறு வருடம் தீபாவளி முடிந்த கையோடு விரதம் தொடங்கினான். அதற்கடுத்த வருடம் புரட்டாசியிலேயே. ஒருவேளைச் சாப்பாடு அரைச் சாப்பாடாயிற்று. அரை, இரண்டு வாழைப்பழமாயிற்று. பிரிக்பீல்ட்ஸில் அவன் வேலை செய்யும் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் மதிய நேரத்தில் எல்லாரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது, "நான் விரதம்" என்பான். அந்தச் சொல்லுக்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாறாக, "எனக்கும் சேர்த்து வேண்டிக்கோ பாஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவன் அந்த ஒரு மணி நேரமும் கடைத்தெருவில் நடப்பான். வடை எண்ணெயின் வாசனை, மீன் குழம்பின் வாசனை, பூக்கடை மல்லிகை எல்லாம் கலந்து முகத்தில் அடிக்கும். எதையும் வாங்காமல் அந்தத் தெருவைக் கடந்துவிட்டால் வென்றதாகத் தோன்றும். யாரை வென்றான் என்பதுதான் விளங்காது.

காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றுவது அவன் பழக்கம். எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிக் குளியலறை வாசலில் வைத்தான். முதலில் விளக்கேற்றிவிட்டு அதில் ஏறினான். பிறகு அதில் ஏறிவிட்டு விளக்கேற்றினான். முள் கீழே வந்திருந்தால் முருகன் சிரிப்பது போலவும், வராவிட்டால் முகம் திருப்பிக்கொண்டது போலவும் இருந்தது. வரிசை எப்போது மாறியது என்பதை அவன் கவனிக்கவில்லை.

இந்த வருடம் பத்துமலை அடிவாரத்தில் காவடியோடு மயங்கி விழுந்தான். சுற்றியிருந்தவர்கள் "அருள் வந்துடுச்சி! அருள்!" என்று கூவி, நெற்றியில் விபூதி அப்பி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்கள். கண் திறந்தபோது ஒரு பெண் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து படியேறினான். அது அருளா, கண் இருட்டலா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

இடும்பன் பூசை முடிந்து சில வாரங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளான் முருகன் கோயிலில் மத்தியானம் அன்னதானம் உண்டு. அதற்குத் தலைமைச் சமையல்காரன் வாசு. வார நாட்களில் துறைமுகத்தில் லோரி ஓட்டுவான். ஞாயிற்றுக்கிழமை கரண்டி பிடிப்பான். தனேஷோடு பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். தனேஷ் காய் நறுக்குவான், பரிமாறுவான், பாத்திரம் கழுவுவான். தொண்டு செய்பவர்கள், மற்ற எல்லாரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் சாப்பிட வேண்டும் என்பது அங்கே முறை. கடைசியில் யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்று பார்க்க ஆள் இருக்காது. இந்த முறை தனேஷுக்கு மிகவும் வசதியாக இருந்தது.

அன்று வாசு அடுப்புக்குக் கேஸ் தோம்பு எடுத்துவரக் கடைக்குப் போயிருந்தான். நைவேத்தியத்துக்கு வைத்த சர்க்கரைப் பொங்கல் வாழையிலை மூடி ஓரமாக இருந்தது. இலை சற்று விலகியிருப்பதுபோல் தெரிந்தது. சரிசெய்யத்தான் தனேஷ் போனான். விரல் நுனியில் நெய் ஒட்டியது. அதை நக்கினான்.

வாசு திரும்பி வந்தபோது பானையில் பாதியைக் காணவில்லை. தனேஷ் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தான். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, கை நிற்கவில்லை. வாசுவைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் ஓடினான். லோங்காங் சாக்கடை ஓரத்தில் குனிந்து வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

சாமிக்குப் படைக்கும் முன்பு எச்சிலான பொங்கல். வாசு பக்திமான், கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"வாசு, நைவேத்தியம் ஆச்சாப்பா?" என்று உள்ளேயிருந்து குருக்களின் குரல் வந்தது.

வாசு பானையைப் பார்த்தான். பின்வாசலைப் பார்த்தான். "சாமி, எறும்பு ஏறிடுச்சி. வேற வைக்கிறேன். கொஞ்சம் நேரம் குடுங்க" என்றான்.

கோயிலுக்குள் நின்று சொன்ன பொய் அது. சந்நிதியில் இருந்தவன் அதைக் கேட்டிருப்பான். கேட்டு மன்னித்திருப்பான் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

புது அரிசியை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசு ஒரு சொம்புத் தண்ணீரோடு பின்பக்கம் போனான்.

"டேய், என்னடா இது? பசிச்சா கேக்கலாம்ல? நான் குடுக்க மாட்டேனா?"

"பசி இல்ல."

"பசி இல்லாமயா பாதிப் பானை காணோம்?" என்று சொல்லி வாசு சிரிக்கப் போனான். தனேஷின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சாப்பிட முடியல வாசு. நாள் கணக்கா முடியல. அப்புறம் ஆரம்பிச்சா நிறுத்த முடியல. ரெண்டும் நான்தான். எனக்கே ஒண்ணும் புரியல."

"நீ விரதம்தானே?"

"அதுதான் தெரியல."

வாசு தலையைச் சொறிந்தான். "யாராச்சும் செய்வினை செஞ்சி வெச்சிட்டாங்களா? சுங்கை பூலோல ஒருத்தரு இருக்காரு, கயிறு கட்டுவாரு. எங்க மச்சானுக்கு வேலை கிடைச்சிச்சி."

"எனக்கு வேலை இருக்குடா."

"அதுவும் சரிதான்" என்றான் வாசு. உள்ளே புது அரிசி கொதிக்கும் வாசனை வந்தது. "எனக்கும் புரியல மச்சான். ஆனா இது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிஞ்சா பத்தாது. புனிதாகிட்ட சொல்லு. நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

அன்று சாயங்காலமே தனேஷ் சொன்னான். புனிதா அழவில்லை, திட்டவில்லை. "டாக்டர்கிட்ட போலாம்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு அந்த உருண்டையில் பார்த்த விரல் தடம் அவள் மனதை விட்டுப் போகவேயில்லை.

அவன் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் நேரம் வாங்கினாள். வரவேற்பில் இருந்த பெண் தாளில் 'சாப்பிட முடியவில்லை' என்றிருந்ததைப் பார்த்துவிட்டுப் புனிதாவிடம், "வாங்க அக்கா, செருப்ப கழட்டிட்டு மேல ஏறி நில்லுங்க" என்றாள். புனிதாவும் குழப்பத்தில் எடை இயந்திரத்தில் ஏறி நின்றுவிட்டாள்.

"எனக்கில்ல, இவருக்கு" என்றாள் மேலே நின்றபடியே.

அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓ... சாருக்கா? சாரி ஆ. இதுக்கு எப்பவும் பொண்ணுங்கதான் வருவாங்க." சுவரில் இருந்த படத்திலும் ஒரு மெலிந்த பெண்தான் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள். தனேஷுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவன் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் சுதர்சினி யாழ்ப்பாணத்துக் குடும்பம். குரலை உயர்த்தாமல் பேசினார். நாடி பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், இதயத் துடிப்பைப் பதிவு செய்யச் சொன்னார். பொங்கல் கதையைத் தனேஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னபோது ஒருமுறைகூட இடைமறிக்கவில்லை.

"இது ஒரு நோய்" என்றார். "ஆம்பிளையளுக்கும் வரும். வெக்கத்தில சொல்லுறேல்ல, அவ்வளவுதான். மூண்டு வேளையும் சாப்பிடோணும். தனிய இருந்து சாப்பிட வேண்டாம். பேசுறதுக்கு ஒருத்தரிட்ட அனுப்புறன்."

"கோயிலுக்குப் போலாமா?"

"போங்கோ. விரதம் மட்டும் இப்ப வேண்டாம்."

தனேஷ் நிமிர்ந்தான். "இது நோய்னா, நான் எடுத்த காவடி? அது என்ன டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியாது தம்பி" என்றார். தெரிந்ததுபோல் எதையாவது சொல்லியிருந்தால் தனேஷ் மறுபடி அங்கே போயிருக்க மாட்டான்.

வெளியே வந்து ரயில் நிலையம் நோக்கி நடக்கும்போது புனிதா திடீரென்று நின்றாள். "நான் ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேங்க. என் வீட்டுக்காரர் மாதிரி விரதம் இருக்க ஆளில்லன்னு. பக்கத்துல படுத்துக்கிட்டு எப்படிங்க எனக்குத் தெரியாம போச்சி?"

அவன் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தான். கெமுக் என்று கூப்பிட்ட ஊரே இப்போது அவனைக் கும்பிடுகிறது. இது நோய் என்றால், அந்தக் கும்பிடு யாருக்கு? விரதம் போய்விட்டால் அவனிடம் என்ன மிச்சமிருக்கும்?

வீட்டில் சாப்பிடும் நாட்கள் தொடங்கின. சில நாள் நன்றாகப் போயின, சில நாள் போகவில்லை. தொடக்கத்தில் புனிதா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்தாள். அவள் பார்வை பட்டதும் அவன் தட்டை நகர்த்தி வைத்தான். ஒருநாள் இட்லியைத் துணியில் சுருட்டிச் சட்டைப் பையில் ஒளித்தான். துவைக்கும்போது அது அவள் கைக்கு வந்தது. மறுநாள் ஓர் இட்லி குறைத்து வைத்து, எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அன்று தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. எடை இயந்திரத்தை எடுத்துத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். காலையில் வெறும் விளக்கின் முன் நிற்கும்போது, முருகன் சிரிக்கிறானா, முகம் திருப்புகிறானா என்று தனேஷால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் எல்லாவற்றையும் கெடுத்தன. கோயிலில் யாராவது, "விரதம் எப்படிப் போகுது தனேஷ்?" என்று கேட்பார்கள். அவன் தலையசைப்பான். அந்தத் தலையசைப்பு அவனை இரண்டு நாள் பின்னால் இழுத்துப் போட்டுவிடும். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதுபோல் அன்றிரவு வாய் திறக்காது. வாசு பரிமாறியபடியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிறு, தனேஷ் சோற்று வாளியைத் தூக்கும்போது வாசு அதைக் கையிலிருந்து வாங்கினான்.

"இன்னைக்கு நீ பரிமாற வேணாம். முதல் பந்தியில போய் உக்காரு."

"விளையாடறியா? தொண்டு செய்யறவன் கடைசியிலதான் சாப்பிடணும்."

"அந்தக் கடைசியிலதான்டா நீ ஒளிஞ்சிக்கிற" என்றான் வாசு, மெல்ல. "போ. வெண்டைக்காய நானே நறுக்கினேன், கேவலமாத்தான் இருக்கும். வந்து திட்டு."

முதல் பந்தி என்றால் ஊர்ப் பெரியவர்களும் தூரத்திலிருந்து வந்தவர்களும் உட்காருவது. தனேஷ் நடுவில் ஓர் இலை முன் உட்கார்ந்தான். காது சூடேறியது. எல்லாரும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அப்பளம் எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சோறு பரிமாறி வந்தது வீரம்மா அத்தை. அவன் இலைக்கு வந்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"என்னப்பா நீ இங்க? உனக்கு விரதமாச்சே!"

பக்கத்து இலைக்காரர் திரும்பினார். தனேஷ் வழக்கம்போல் தலையசைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். "பரிமாற எடம் பாத்தேன் அத்தை" என்று சொன்னால் போதும். சமையலறை வாசலில் வாசு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றான்.

"விரதம் இல்ல அத்தை" என்றான் தனேஷ். குரல் உடைந்தது. "ரொம்ப நாளாவே விரதம் இல்ல. எனக்கு உடம்பு சரியில்ல. சாப்பிட முடியாத நோய். டாக்டர் பாக்கறாங்க. அன்னைக்கு இடும்பன் பூசையில வேண்டிக்கிட்டேன்னு சொன்னது பொய்."

வீரம்மாவுக்கு விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சாப்பிட முடியாத நோய் என்றால் என்ன? ஆம்பிளைப் பிள்ளைக்கு, கைகால் நன்றாக இருப்பவனுக்கு? அப்படியானால் அன்று கைகுவித்து அழுதது எதற்காக? கரண்டிச் சோறு வாளிக்கே திரும்பியது.

தனேஷ் எழுந்திருக்கக் கையை ஊன்றினான்.

"உக்காரு" என்றார் வீரம்மா. வாளிக்குள் குனிந்து கரண்டியால் துழாவினார். "மேல இருக்கறது வெறைப்பா இருக்கு. உடம்பு முடியாதவனுக்கு எப்படி எறங்கும்? அடியில கொழைஞ்சி இருக்கும்." அடியிலிருந்து கொஞ்சமாக அள்ளி இலையில் வைத்தார். "சாம்பார் வேணாம். ரசம் ஊத்தச் சொல்றேன். இவ்ளோ போதுமா, இன்னும் கொறைக்கட்டுமா?"

"போதும் அத்தை."

"எனக்கு ஒண்ணும் புரியலப்பா" என்றார் அவர், அடுத்த இலைக்கு நகர்ந்துகொண்டே. "நீ சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். ரசமும் குழைந்த சோறும் மெல்ல இறங்கின. நடுவில் ஒருமுறை பயம் வந்து கை நின்றது, பிறகு நகர்ந்தது. நிமிர்ந்து பார்த்தபோது பந்தி முழுவதும் சாப்பிட்டு முடித்திருந்தது. கைகள் காய்ந்திருந்தன. ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுந்துவிட வேண்டியதுதான். கடைசி ஆள் முடிக்கும் முன்பு எழுவது மரியாதை இல்லை. வாசலில் இரண்டாம் பந்திக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள்.

"கோமுட்டர் போயிடும் லா" என்று வாசலில் ஒருவர் முணுமுணுத்தார்.

"அடுத்த டிரெயின் இருக்கு அண்ணே" என்றான் வாசு.

தனேஷின் இலையில் இன்னும் மிச்சமிருந்தது. மடித்துவிடலாமா என்று விரல் இலையோரத்துக்குப் போனது. அப்போது பக்கத்து இலைக்காரர், வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தவர், "எனக்கு இன்னும் கொஞ்சம் மோர் ஊத்துங்கம்மா" என்றார். மோர் வந்தது. அவருக்கு அடுத்தவரும், "எனக்கும்" என்று கையைக் குவித்தார். எதிர் வரிசையில் ஒருவர் ஊறுகாய் கேட்டு, வந்த ஊறுகாயைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் தனேஷைப் பார்க்கவில்லை. தெரிந்துதான் செய்தார்களா, உண்மையிலேயே தாகமா என்று அவனுக்கு விளங்கவில்லை.

முதல் வருடம் தான் ஏறிய படிகள் பக்தியா, நோயா என்பதும் விளங்கவில்லை. இரண்டும் ஒன்றாக ஏறியிருக்கலாம். முருகனைக் கேட்க வேண்டும், இன்றில்லை.

மிச்சத்தை ஒன்றாகக் கூட்டி உருண்டை பிடித்தான். விரல் தடம் அதிலும் பதிந்தது. வாயில் வைத்து மென்றான், விழுங்கினான். பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தான்.

பந்தி மொத்தமும் ஒன்றாக எழுந்தது. "அப்பாடா, கால் மரத்துப் போச்சி" என்றார் பக்கத்து இலைக்காரர், அவன் தோளைப் பிடித்து எழுந்துகொண்டே.